மொத்த எண் இறங்கியது, ஒரு வரி மட்டும் இறங்கவில்லை

நிலாமதி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். இங்கே போட்டால் நாலு பேர் சேர்ந்து யோசிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கர்ப்ப காலத்திலும் பிரசவம் ஆகி 42 நாளுக்குள்ளும் இறந்துபோகும் தாய்மார்களின் கணக்கை சிடிசி என்ற அரசு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆண்டுதோறும் வெளியிடும். 2022-இல் 817 பேர். 2023-இல் 669 பேர். ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 22.3 என்று இருந்த விகிதம் 18.6 ஆகிவிட்டது. எங்கள் அலுவலகக் கூட்டத்தில் இந்த ஒரே வரியைத் திரையில் போட்டார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. கோவிட் சமயத்தில், 2021-இல், இதே எண் 32.9 வரை ஏறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த நிம்மதியை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அதே அறிக்கையில் ஒரு அட்டவணை இருக்கிறது. அதில் இனவாரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். வெள்ளையினப் பெண்களுக்கு 19.0-லிருந்து 14.5. ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளிப் பெண்களுக்கு 16.9-லிருந்து 12.4. ஆசியப் பெண்களுக்கு 13.2-லிருந்து 10.7. கறுப்பினப் பெண்களுக்கு 49.5-லிருந்து 50.3.

அந்தக் கடைசி வரியைக் கூட்டத்தில் யாரும் வாசிக்கவில்லை. 2022-இல் வெள்ளையினப் பெண்களைப் போல 2.6 மடங்காக இருந்த கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம், நாடே மூச்சு விட்ட அந்த ஒரு வருடத்தில் மூன்றரை மடங்காகிவிட்டது. 18.6 என்பது பொய்யான எண் அல்ல. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போனால் யாரை விட்டுவிட்டுப் போகிறோம் என்பது தெரியாமலே போகும்.

இப்போது கொள்கைக்கு வருகிறேன். இந்த நாட்டில் பத்துப் பிரசவங்களில் நான்குக்கு மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீடுதான் பணம் கொடுக்கிறது. கறுப்பினப் பெண்களை மட்டும் எடுத்தால் பத்தில் ஆறுக்கும் மேல். கர்ப்பம் என்ற காரணத்தால் இதில் சேரும் பெண்ணுக்கு, பிரசவமாகி 60 நாளோடு காப்பீடு முடிந்துவிடும் என்பதுதான் பல காலம் இருந்த விதி. அதற்குப் பிறகு பெற்றோருக்கான வருமான வரம்புக்குள் அவள் வர வேண்டும். சில மாநிலங்களில் அந்த வரம்பு அதலபாதாளத்தில் இருக்கும். இந்த விதியில் இனம் என்ற சொல்லே கிடையாது. எழுதியவர்கள் மனதிலும் இருந்ததா தெரியாது. ஆனால் இறப்பு எப்போது நடக்கிறது என்று பாருங்கள். 36 மாநிலங்களில் 2017 முதல் 2019 வரை நடந்த கர்ப்பம் தொடர்பான இறப்புகளை, ஒரு வருடம் வரை கணக்கில் எடுத்து, ஒவ்வொன்றாக மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்தன. பாதிக்கும் மேல், அதாவது 53%, பிரசவமாகி ஏழாம் நாளுக்கும் ஒரு வருடத்துக்கும் இடையே நடந்தவை. ஐந்தில் நான்குக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை என்பது அந்தக் குழுக்களின் முடிவு. அறுபதாம் நாள் எந்தத் தாய்மார்களின் காப்பீடு அறுபட்டது என்று பிரித்துப் பார்த்தால்தான் அந்த விதி யார் தலையில் விழுந்தது என்பது தெரிகிறது. 2021-இல் வந்த சட்டம், 2022 ஏப்ரல் முதல் மாநிலங்கள் விரும்பினால் 12 மாதமாக நீட்டிக்கலாம் என்றது. பெரும்பாலான மாநிலங்கள் நீட்டித்தன. இந்த மாற்றத்தில் பிரித்த கணக்குக்கு ஒரு பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

நான் புழுங்குவது வேறொன்றுக்காக. ஒஹாயோவில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் தரவுப் பிரிவில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். போன வாரம் ஒரு சந்தேகம் தீர்த்துக்கொள்ள முன்பதிவு மேசைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றேன். ஒரு பெண் வந்தார், பேறுகாலம் முடிந்து பத்து நாள் இருக்கும். குழந்தையை மார்போடு அணைத்தபடி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலைவலி என்று சொல்லி நின்றார். மேசையில் இருந்தவர் பெயர் கேட்டார், பிறந்த தேதி கேட்டார், காப்பீட்டு அட்டை கேட்டார். இனம் என்ற கட்டம் வந்ததும் கேட்கவில்லை. நிமிர்ந்து முகத்தை ஒரு நொடி பார்த்தார், ஒரு பெட்டியில் டிக் போட்டார், அடுத்ததற்குப் போய்விட்டார். அடுத்து வந்தவரைப் பார்த்துத் தயங்கி, 'தெரியவில்லை' என்று போட்டார்.

நான் வாரா வாரம் பிவட் டேபிள் என்ற தொகுப்பு அட்டவணை போட்டு அழகாகப் பிரித்து அனுப்பும் தரவு இப்படித்தான் பிறக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரித்துப் பார்க்கும் கணக்கு எங்கே உண்மையைக் காட்டியிருக்கிறது, எங்கே ஏமாற்றியிருக்கிறது? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

செந்தில்வேல்

நல்ல பதிவு. ஆனால் மூன்று கேள்விகள்.

49.5-லிருந்து 50.3 என்பது உயர்வே அல்ல, புள்ளியியல்படி அது தற்செயலான ஏற்ற இறக்கம்தான். இரண்டாவது, அமெரிக்க இறப்புச் சான்றிதழில் 'கர்ப்பமாக இருந்தாரா' என்ற பெட்டி 2003-இல் வந்தது. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வருடம் ஏற்றுக்கொண்டன. அந்தப் பெட்டியைத் தவறாக டிக் செய்ததால் எண்கள் வீங்கின என்று பெரிய சர்ச்சையே நடந்தது. 2007-க்குப் பிறகு 2018 வரை தேசிய அளவில் அதிகாரபூர்வ விகிதமே வெளியிடவில்லை. அடிப்படைத் தரவே இப்படி இருக்கும்போது அதை இன்னும் பொடிப்பொடியாக உடைத்தால் கிடைப்பது தூசுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். இது வர்க்கப் பிரச்சினை. ஏழைகளுக்கு மோசமான மருத்துவம், ஏழைகளில் கறுப்பினத்தவர் அதிகம். வருமானத்தைச் சரிசெய்தால் வித்தியாசம் காணாமல் போகும். இனத்தை ஏன் நடுவில் கொண்டுவர வேண்டும்?

நிலாமதி

செந்தில், முதல் கேள்வியில் நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் 'உயர்ந்தது' என்று எழுதாமல் 'இறங்கவில்லை' என்று தலைப்பு வைத்தேன்.

பெட்டி விஷயமும் உண்மை. தவறான டிக்குகளைச் சரிசெய்து பார்த்த ஆய்வாளர்களுக்கு விகிதங்கள் குறைவாகத்தான் வந்தன. ஆனால் இடைவெளி அப்போதும் போகவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். இந்த ஆண்டறிக்கை 42 நாள் வரைக்கும்தான் எண்ணும். 60 நாளோடு காப்பீடு அறுந்து, நான்காவது மாதம் இதயத் தசை பலவீனமாகி ஒரு பெண் இறந்தால் அவள் 18.6-க்குள் வரவே மாட்டாள். ஒரு விதி யாரைக் கொல்கிறது என்று தேடுகிறோம், எண்ணுவதையோ அந்த விதி உயிரெடுக்கத் தொடங்கும் முன்பே நிறுத்திவிடுகிறோம். எதை எண்ணுவது என்ற இந்த முடிவும் ஒரு கொள்கைதான்.

வர்க்கம் பற்றி. நானும் உங்களைப் போலத்தான் நினைத்திருந்தேன். 2019-இல் சிடிசி வெளியிட்ட ஆய்வு 2007 முதல் 2016 வரை நடந்த இறப்புகளைக் கல்வித் தகுதிவாரியாகப் பிரித்தது. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம், பட்டம் பெற்ற வெள்ளையினப் பெண்களைப் போல 5.2 மடங்கு. பள்ளிப்படிப்பையே முடிக்காத வெள்ளையினப் பெண்களோடு ஒப்பிட்டாலும் 1.6 மடங்கு. படிப்பு ஏற ஏற இடைவெளி சுருங்க வேண்டும் என்பதுதானே உங்கள் வாதம்? இங்கே விரிகிறது. இனம், கல்வி இரண்டையும் ஒரே அட்டவணையில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டதால்தான் இது கண்ணில் பட்டது. தனித்தனியாகப் போட்டிருந்தால் நீங்களும் நானும் இன்றைக்கும் வர்க்கம் என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்போம்.

மதுரை வழக்கறிஞர்

அம்மா நிலாமதி, குறுக்கும் நெடுக்கும் என்றீர்கள். சட்டத்தில் இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. மாணவர்களுக்கு வருடா வருடம் நான் சொல்லும் வழக்கு.

செயின்ட் லூயியில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை. 1964-க்கு முன்னால் அந்த நிறுவனம் அங்கே கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை. பிறகு எடுத்தார்கள். 1970-களின் பொருளாதார மந்தத்தில் ஆட்குறைப்பு வந்தது. கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்ற பணிமூப்பு விதி. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கறுப்பினப் பெண்கள் எல்லோருமே கடைசியில் சேர்ந்தவர்கள். அப்படியே துடைத்தெடுத்தது போல் போனார்கள். ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். டிகிராஃபென்ரீட் வழக்கு என்பார்கள், 1976-இல் தீர்ப்பு.

நீதிமன்றம் என்ன கணக்குப் பார்த்தது தெரியுமா? பெண்களுக்கு எதிரான பாகுபாடா? இந்த நிறுவனம் அந்த ஆண்டுகளில் பெண்களை எடுத்திருக்கிறதே. எடுத்திருக்கிறார்கள், வெள்ளையினப் பெண்களை. கறுப்பினத்தவருக்கு எதிரான பாகுபாடா? அதைத் தனியாக இன வழக்காகக் கொண்டு வாருங்கள். கறுப்பினத்தவரையும்தான் எடுத்திருந்தார்கள், ஆண்களை. இரண்டையும் சேர்த்து 'கறுப்பினப் பெண்' என்று ஒரு தனி வகையைச் சட்டம் ஏற்காது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு பேரேட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'பெண்கள்' என்ற பக்கத்தில் கணக்கு நேராகிறது. 'கறுப்பினத்தவர்' என்ற பக்கத்திலும் நேராகிறது. இரண்டும் சந்திக்கும் ஒரு கட்டத்தில் மட்டும் பூஜ்யம். அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்க எந்தப் பக்கத்திலும் இடமில்லை. 1989-இல் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் இந்த வழக்கை வைத்துத்தான் இன்று எல்லோரும் பேசும் குறுக்குவெட்டுப் பார்வைக்குப் பெயர் வைத்தார். பல பேர் அதை ஏதோ அடையாள அரசியல் கோஷம் என்று நினைக்கிறார்கள். அது தொடங்கியது ஒரு ஆட்குறைப்புப் பட்டியலில்.

செந்தில்வேலுக்கு ஒரு வார்த்தை. இனத்தை நாம் நடுவில் கொண்டுவரவில்லை தம்பி. 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1938-இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் வந்தபோது வீட்டு வேலையும் பண்ணை வேலையும் விலக்கப்பட்டன. இனம் என்ற சொல் இல்லை, பெண் என்ற சொல்லும் இல்லை. அந்தக் காலத்தில் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். ஏன் விலக்கினார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் சண்டை உண்டு. யார் விலக்கப்பட்டார்கள் என்பதில் சண்டை இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 1974-இல்தான் வந்தது. வீட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்களில் பலர் அதற்குப் பிறகும் வெளியிலேயே நின்றார்கள். அவர்களை உள்ளே கொண்டுவந்த விதி 2013-இல் எழுதப்பட்டு 2015-இல் நடைமுறைக்கு வந்தது.

யாழினி லண்டன்

நான் இஞ்ச பதினாறு வருசமா மிட்வைஃபா வேலை செய்யிறன். நிலாமதி, நீங்கள் எழுதின அந்த மேசைக் காட்சியை வாசிச்சு நெஞ்சு கனத்துப் போச்சு. எங்கட பக்கமும் அதேதான்.

பிரிட்டனில ஒவ்வொரு தாயின்ர மரணத்தையும் தனித்தனியா எடுத்து விசாரிக்கிற ஒரு முறை கன காலமா இருக்கு. எம்ப்ரேஸ் எண்டு அதின்ர இப்பத்தைய பேர். 2018-இல வந்த அறிக்கையில கறுப்பினப் பெண்களுக்கு வெள்ளையினப் பெண்களை விட ஐந்து மடங்கு ஆபத்து, ஆசியப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு எண்டு போட்டினம். இலவச மருத்துவம் இருக்கிற நாடு இது. காப்பீடு அறுந்து போச்சு எண்டு இஞ்ச ஒருத்தரும் சொல்லேலாது. அப்பிடியும் ஐந்து மடங்கு. அந்த எண் வெளியில வந்த பிறகுதான் எங்கட வார்டில ஆக்கள் இதைப் பற்றி வாய் திறந்து கதைச்சவை. அதுக்கு முன்னம் 'அவைக்குப் பிரஷர் கூட, சுகர் கூட' எண்டு முடிச்சுப் போடுவினம்.

ஆனா எனக்கு ஒரு பெரிய மனக்குறை. இங்கிலாந்துச் சனத்தொகைக் கணக்கெடுப்பில ஆசியர் எண்ட தலைப்புக்குக் கீழ இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் எண்டு பெட்டி இருக்கு. எங்களுக்கு இல்லை. 'வேறு ஆசியர்' எண்டதில டிக் போட்டுட்டு பக்கத்தில கையால எழுத வேணும். ஆஸ்பத்திரிப் படிவமும் அதே அச்சுத்தான். அந்த ஒரு பெட்டிக்குள்ள ஈழத் தமிழிச்சியும் நேபாளியும் பிலிப்பினோவும் ஒண்டாய்க் கிடக்கிறம். கர்ப்ப கால நீரிழிவு எங்கட பிள்ளையளுக்கு எவ்வளவு வருது எண்டு நான் கண்ணால பார்க்கிறன். எண் தா எண்டு மேல கேட்டா என்னட்ட எண் இல்லை. எண் இல்லாட்டி தமிழில ஒரு உணவு ஆலோசனைத் துண்டுப் பிரசுரத்துக்குக்கூட காசு ஒதுக்க மாட்டினம்.

புதுவை பாரிஸ்

யாழினி அக்கா, உங்களுக்கு 'வேறு' என்றாவது ஒரு பெட்டி இருக்கிறது. பிரான்சில் பெட்டியே கிடையாது.

குடியரசின் முன்னால் எல்லோரும் சமம், ஆகவே இனத்தைக் கேட்கவே கூடாது என்பது இங்கே அடிப்படைக் கொள்கை. 1978 சட்டம் இனத் தகவல் சேகரிப்பைத் தடுக்கிறது. 2007-இல் அரசியல் சாசன மன்றமும் அதை உறுதி செய்தது. பெற்றோர் எந்த நாட்டில் பிறந்தார்கள் என்பது வரை ஆய்வாளர்கள் கேட்கலாம், அவ்வளவுதான். என் மகள் பிரான்சில் பிறந்தவள், நானும் என் மனைவியும் பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடிமக்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பெல்லில் இறங்கி நடந்தால் அவள் யார் என்று தெருவுக்கே தெரியும். கணக்கில் மட்டும் தெரியாது. வேலைக்கு விண்ணப்பித்து அவளுக்குப் பதில் வராமல் போனால் அது அவளுக்கு மட்டும்தானா, அவளைப் போன்ற எல்லோருக்குமா என்று கேட்கக்கூட வழியில்லை.

அருள்

எல்லோரும் எண்ணச் சொல்கிறீர்கள். எண்ணினால் என்ன ஆகும் என்பதையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

1940-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜப்பானிய வம்சாவளி என்று பதிவு செய்தவர்கள் எந்தத் தெருவில் எத்தனை பேர் என்ற பட்டியல், 1942-இல் அவர்களை முகாம்களுக்கு அள்ளிக்கொண்டு போகப் பயன்பட்டது. சுமார் 1,20,000 பேர். தனிநபர் விவரம் எதையும் கொடுக்கவில்லை என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1943-இல் வாஷிங்டன் பகுதியில் இருந்தவர்களின் பெயரும் முகவரியும்கூடக் கொடுக்கப்பட்டன என்பது 2007-இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆவணங்களில் தெரிந்தது. பூக்களைப் பிரித்துப் பார்ப்பதற்கும் மனிதர்களைப் பிரித்துப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஈழத்திலிருந்து வந்த என்னைப் போன்றவனுக்கு, என் இனம் என்ன, என் முகவரி என்ன என்று ஒரே தாளில் அரசாங்கம் கேட்டால் கை நடுங்கும். அதை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கயல்விழி சான் ஹோசே

அருள் அண்ணா, உங்கள் பயம் நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டுப் பேச நான் வரவில்லை. ஆனால் எண்ணாமல் விட்டதால் என்ன ஆனது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். இது நம்மைப் பற்றியது.

அமெரிக்காவில் 'ஆசியப் பெண்கள்' சம்பளத்தில் முன்னணியில் இருக்கிறார்கள் என்று ஒரு சராசரி வரும். அந்தச் சராசரியை மேலே தூக்குவது யார்? என்னைப் போல ஹெச்1பி வழியாக வந்து மென்பொருள் வேலையில் உட்கார்ந்திருப்பவர்கள். முழுநேர வேலையில் வெள்ளையின ஆண் ஒரு டாலர் சம்பாதித்தால், இந்திய வம்சாவளிப் பெண்ணின் சம்பளம் ஒரு டாலரையே தாண்டுகிறது. பர்மாவிலிருந்து அகதியாக வந்த பெண்கள் அரை டாலரைச் சற்றே தாண்டுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே பெட்டி. உதவித்தொகை, மொழிபெயர்ப்பாளர், வேலைப்பயிற்சி என்று பேச்சு வந்தால் 'ஆசியர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்' என்று முடித்துவிடுகிறார்கள். என்னுடைய சம்பளச் சீட்டு, இறைச்சி வெட்டும் ஆலையில் கை விறைத்து நிற்கும் ஒருத்தியின் வறுமையை மூடி மறைக்கிறது. இதை முதன்முதலாக உணர்ந்த அன்று எனக்கு ரொம்பக் கூச்சமாக இருந்தது.

இன்னொன்று. கோவிடின் முதல் ஆறு ஏழு மாதங்களில் இறந்த செவிலியர்களின் பட்டியலை, செய்திகளையும் அஞ்சலிக் குறிப்புகளையும் தேடித் தேடிச் சேர்த்தது செவிலியர் சங்கம். 213 பேர். அதில் 67 பேர் பிலிப்பினோ, அதாவது 31.5%. நாட்டின் செவிலியர்களில் அவர்கள் ஏறக்குறைய 4% மட்டுமே. அரசுக் கணக்கில் 'ஆசியர்' என்று போட்டு மூடியிருந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவின் இரவு ஷிஃப்ட்களில் யார் நின்றார்கள், யாருக்கு முகக்கவசம் பற்றவில்லை என்று யாரும் கேட்டிருக்க முடியாது. அரசு எண்ணாததால் சங்கம் பெயர் பெயராக எண்ணியது.

1977-இல் வகுத்த அரசு வகைப்பாட்டில் பசிபிக் தீவினரும் நாமும் ஒரே பெட்டி. 1997-இல் அவர்களைப் பிரித்தார்கள். கலிபோர்னியா 2016-இல் சுகாதாரத் தரவை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கச் சட்டம் போட்டது. 2024 மார்ச்சில் கூட்டாட்சி அரசும் உட்பிரிவுகளைக் கேட்க வேண்டும் என்று விதியை மாற்றியது. ஒரு பெட்டியைப் பிரிக்க இத்தனை வருடம்.

வெற்றிச்செல்வன்

ஒரு சின்னச் சேர்க்கை. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் 1,40,000 வேலைகள் போயின என்று செய்தி வந்தது. முதலில் வெளியான அந்தக் கணக்கைப் பிரித்தால் பெண்கள் இழந்தது 1,56,000, ஆண்கள் 16,000 கூடுதலாகப் பெற்றிருந்தார்கள். பெண்களையும் பிரித்தால் வேலையின்மை வெள்ளையினப் பெண்களுக்கு 5.7%, கறுப்பினப் பெண்களுக்கு 8.4%, லத்தினா, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களுக்கு 9.1%. பள்ளியும் உணவகமும் ஓட்டலும் மூடியபோது வீட்டுக்குப் போனவர்கள் யார் என்பது அங்கே இருக்கிறது.

செந்தில்வேல்

கல்வி அட்டவணையைத் தேடிப் படித்தேன். நிலாமதி சொன்னது சரி. வர்க்கம் மட்டும் என்ற என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

என் துறையிலேயே இதற்கு உதாரணம் இருந்தும் நான் பொருத்திப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை 2018-இல் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்தார்கள். மூன்று ஆப்பிரிக்க நாடுகள், மூன்று ஐரோப்பிய நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களின் முகங்கள். மொத்தமாகப் பார்த்தால் தேர்ச்சி விகிதம் நன்றாகவே இருந்தது. பிரித்தார்கள். வெளிர்நிற ஆண்களுக்குப் பிழை அதிகபட்சம் 0.8%, கருநிறப் பெண்களுக்கு 34.7% வரை. இதைப் படித்த பிறகுதான் எங்கள் குழுவில் எந்த மாடலையும் ஒற்றை எண்ணில் ஒப்புக்கொள்வதில்லை என்று வைத்திருக்கிறோம். இயந்திரத்துக்கு அந்த விதியை வைத்த நான், மனிதர்களுக்குக் கேட்டபோது எதிர்த்திருக்கிறேன்.

சிறிய எண்கள் பற்றிய என் கவலை அப்படியேதான் இருக்கிறது.

நிலாமதி

செந்தில், அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது. சிறிய எண்களால் அதிகம் அடிபடுவது அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்கள். எண்ணிக்கை பத்துக்குக் கீழே போனால் தனியுரிமைக்காக அந்தக் கட்டத்தை மறைத்துவிடுவார்கள். 2020, 2021 பேறுகால இறப்பு அறிக்கைகளில் அவர்களுக்கு வரியே இல்லை. அட்டவணைகளில் தங்கள் இடத்தில் எப்போதும் ஒரு நட்சத்திரக் குறிதான் இருக்கிறது என்று பூர்வகுடித் தலைவர்கள் தங்களையே நட்சத்திரக் குறித் தேசம் என்று சொல்லிக்கொள்வது உண்டு. நட்சத்திரம் என்றால் கீழே ஒரு குறிப்பு: மாதிரி போதவில்லை. குறைவாக இருப்பதற்குக் காரணம் அவர்களை அழித்த வரலாறு. அந்தக் குறைவையே காரணமாகச் சொல்லி இப்போது கணக்கிலிருந்தும் விடுகிறோம்.

வழி இல்லாமல் இல்லை. ஐந்து வருடத் தரவைச் சேர்த்துப் பார்க்கலாம். அந்தச் சமூகத்தில் கூடுதல் பேரிடம் கேட்கலாம். எண் சிறியதாக இருக்கும் இடத்தில் ஒவ்வொரு மரணத்தையும் குழு உட்கார்ந்து வாசிக்கலாம், யாழினி சொன்ன எம்ப்ரேஸ் போல.

அருள் அண்ணா, உங்கள் பதிவை நான்கு தடவை வாசித்தேன். என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று பிடித்திருக்கிறது. பூர்வகுடி மக்கள் தங்களுக்கென 12 நோய்ப் பரவியல் மையங்கள் வைத்திருக்கிறார்கள், 2010 சட்டத்தில் அவற்றுக்குப் பொதுச் சுகாதார அமைப்பு என்ற தகுதியும் கிடைத்தது. தங்கள் மக்களின் தரவு தங்கள் கையில் இருக்க வேண்டும், யார் பார்க்கலாம் என்று தாங்களே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கேட்பது. எண்ணுவதா வேண்டாமா என்று மட்டும் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும் சண்டை. சாவி யார் கையில் என்று கேட்டால் ஒரே பக்கம் நிற்கிறோம் என்று நினைக்கிறேன்.

அருள்

சாவி என்ற சொல்லோடு நான் ஒத்துப்போகிறேன். முகவரி ஒரு பூட்டுக்குள், இனம் இன்னொரு பூட்டுக்குள். இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது.

யாழினி லண்டன்

எண் வந்த பிறகு என்ன செய்யிறது எண்டதையும் ஒருக்கா சொல்லுங்கோ. ஒவ்வொரு வருசமும் அறிக்கை வருது, எல்லாரும் கவலைப்படுவினம், அடுத்த வருசம் திரும்பவும் வரும்.

நிலாமதி

அக்கா, கலிபோர்னியாவில் நடந்தது ஒன்று சொல்கிறேன். 2006-இல் அங்கே மருத்துவமனைகள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. 2013-க்குள் மாநிலத்தின் பேறுகால இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே போனது. செய்ததில் ஒன்று, பிரசவத்தில் போகும் ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடுவதை நிறுத்தியது. நனைந்த துணியையும் பஞ்சையும் தராசில் வைத்து எடை பார்ப்பார்கள், உலர்ந்த எடையைக் கழிப்பார்கள், ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. இத்தனை மில்லி தாண்டினால் இன்னாரைக் கூப்பிடு என்று சுவரில் ஒட்டியிருக்கும். 'இவள் கொஞ்சம் கூச்சல் போடுவாள்' என்று எந்த முகத்தையும் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. ரத்தப்போக்கால் வரும் கடுமையான சிக்கல்களில் கறுப்பினத் தாய்மாருக்கும் வெள்ளையினத் தாய்மாருக்கும் இடையிலான இடைவெளி இந்த முறையால் சுருங்கியது என்று பிறகு பிரித்துப் பார்த்துக் காட்டினார்கள். ஆனால் மொத்த இறப்பில் இடைவெளி அங்கேயும் போகவில்லை. இரண்டும் உண்மை. பிரித்துப் பார்த்திருக்காவிட்டால் முதல் வெற்றியும் தெரிந்திருக்காது, இரண்டாவது தோல்வியும் தெரிந்திருக்காது.

எங்கள் இடத்தில் நான் மேலதிகாரியிடம் இரண்டு கேட்டிருக்கிறேன். திரையில் மொத்த எண் போடும் அதே பக்கத்தில் பிரித்த வரிகளும் இருக்க வேண்டும், பின்னிணைப்பில் அல்ல. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதற்குப் பொறுப்பானவரின் பெயர் இருக்க வேண்டும். முதலாவதுக்குச் சரி என்றார். இரண்டாவதுக்கு யோசிக்கிறேன் என்றார்.

தேன்மொழி ஹூஸ்டன்

வணக்கம். இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஒரு கிளினிக்கில் முன்பதிவு மேசையில்தான் வேலை பார்க்கிறேன். நிலாமதி அக்கா எழுதிய அந்த ஆள் நான் இல்லை, ஆனால் நானும் அப்படித்தான் செய்கிறேன். வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள். 'நீங்கள் என்ன இனம்' என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஒரு அம்மா 'அதைத் தெரிந்துகொண்டு என்னை எப்படி நடத்தப் போகிறாய்' என்று கேட்டார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன். எப்படிக் கேட்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தாருங்கள்.

நிலாமதி

தேன்மொழி, இந்த இழையில் எனக்கு மிகவும் தேவைப்பட்ட பதிவு உன்னுடையதுதான். அந்த மேசையில் இருந்தவர் மீது எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

நான் எழுதி வைத்திருப்பது இது. முதலில் காரணம் சொல்: 'எங்களிடம் வரும் எல்லோருக்கும் ஒரே தரத்தில் வைத்தியம் கிடைக்கிறதா என்று சரிபார்க்க இதை எல்லோரிடமும் கேட்கிறோம்.' பிறகு கேள்வி: 'உங்களை நீங்கள் எப்படி அடையாளம் சொல்வீர்கள்? ஒன்றுக்கு மேலேயும் சொல்லலாம். சொல்ல விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை.' பிறகு திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிடு, அல்லது தாளைக் கையில் கொடு, அவர்களே டிக் போடட்டும். விருப்பமில்லை என்று சொன்னால் 'தெரியவில்லை' என்று போடாதே, 'சொல்ல விரும்பவில்லை' என்று போடு. அவை இரண்டும் வேறு வேறு.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு, 'போன வருடம் இதைப் பார்த்து நாங்கள் இன்னதை மாற்றினோம்' என்று சொல்ல உன்னிடம் ஒரு விஷயமாவது இருக்க வேண்டும். அதைக் கொடுப்பது உன் மேலே இருப்பவர்களின் வேலை. போய்க் கேள்.

தேன்மொழி ஹூஸ்டன்

எழுதி வைத்துக்கொண்டேன் அக்கா. எங்கள் திரை திரும்பாது, சுவரோடு பொருத்தியிருக்கிறார்கள். தாளில் அச்சடித்துக்கொண்டு போகிறேன், தமிழ் இல்லை, ஆங்கிலமும் ஸ்பானிஷும். நாளைக்குக் காலை ஏழு மணி ஷிஃப்ட். முதலில் வருபவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.